தைத்துக் கொடுத்தான்

என் தம்பிக்குச் சில்லறை என்று பெயர் வைத்தது நான்தான். சின்ன வயதில் கடைக்கு அனுப்பினால் மீதிப் பணம் முழுசாக வீடு வந்து சேராது. கேட்டால் கால்சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டி, "ஓட்டைக்கா" என்பான். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அப்படிப்பட்டவன் விமான நிலையத்தில், பெட்டியின் அடித்தட்டுக்குள் கட்டுக் கட்டாக வெளிநாட்டு நோட்டுகளோடு பிடிபட்டான் என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அன்று கை கால் ஓடவில்லை.

செய்தியைக் கொண்டுவந்தவன் பஞ்சர். தம்பியின் கூட்டாளி. டயர் கடையில் ஒட்டுப் போடுகிற வேலை. தம்பியை வழியனுப்பிவிட்டுத் திரும்பாமல் அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றிருக்கிறான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவனை அழைத்துப் போவதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். கடை வாசலில் நின்று மூச்சு வாங்கினான்.

"அக்கா, மச்சானைப் பிடிச்சுட்டாங்க."

ஒரு நொடி என் உயிர் போய் உயிர் வந்தது. நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தையல் மிஷின் முன்னால்தானே உட்கார்ந்திருக்கிறார்! பிறகுதான் உறைத்தது. இந்தப் பயல்கள் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பஞ்சருக்கு என் தம்பி மச்சான், என் தம்பிக்குப் பஞ்சர் மச்சான். பெண் கொடுக்காமல் பெண் எடுக்காமல் ஊரெல்லாம் மச்சான்.

பஞ்சர் விவரம் சொல்லி முடித்ததும் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "பெட்டியைக் கிழிச்சுட்டாங்களா?" என்பது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "மனுஷன் பிடிபட்டிருக்கான், உங்களுக்குப் பெட்டிக் கவலையா?" என்று எரிந்து விழுந்தேன். அவர் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஊசியின் கீழ் பாதியில் நின்ற துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பிழைப்பே பெட்டிதான். கீழே கடை, மேலே வீடு. எங்களுடையது பெட்டிக்கடை என்று சொன்னால் மிட்டாய் கேட்டு வந்து நிற்பார்கள். இது நிஜமான பெட்டிக்கடை. சக்கரம் உடைந்த பெட்டி, பல் போன ஜிப்பு, கைப்பிடி பிய்ந்த தோள்பை, கிழிந்த உள்துணி எல்லாவற்றையும் சரிசெய்து கொடுப்பார். அவர் உள்துணி மாற்றினால் எது பழையது எது புதியது என்று பெட்டிக்காரருக்கே தெரியாது. நானே பெருமையாகப் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த வாயைத்தான் அடித்துக்கொள்ள வேண்டும் என்று பிறகு தோன்றியது.

மறுநாள் சுங்கத்துறை ஆட்கள் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். மரியாதையாகப் பேசிக்கொண்டே கடையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். ரெக்சின் சுருள்களை விரித்தார்கள், பசை டப்பாவுக்குள் குச்சியை விட்டுக் கிளறினார்கள், மாடி ஏறி எங்கள் அரிசிப் பாத்திரத்துக்குள் கையை விட்டார்கள். என் மகளின் பள்ளிக்கூடப் பையைக் கட்டிலில் கவிழ்த்தார்கள். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றும் கிடைக்கவில்லை. போகும்போது அவர்களில் மூத்தவர் ஒரு தாளை நீட்டினார்.

"உங்க மச்சினன் வாக்குமூலம் குடுத்திருக்கான். பெட்டிக்கு ரகசிய அறை தெச்சது நீங்கதான்னு. விசாரணைக்கு வந்துடுங்க."

நான் அவரை மறித்தேன். "என் தம்பி அப்படிச் சொல்லியிருக்க மாட்டான் சார். இவரு அவனுக்கு அப்பா மாதிரி."

"அப்பா மாதிரி இருக்கிறவங்களைத்தாம்மா பசங்க முதல்ல காட்டிக் குடுப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அன்றிலிருந்து அந்த மாடிப்படிதான் எனக்கு எமன். யார் ஏறினாலும் முதல் படியிலேயே எனக்குக் கேட்டுவிடும். பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போட ஏறுவாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு நிற்பேன். மகளும் என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். படியில் காலடி கேட்டால் எழுதுகிற பென்சிலை அப்படியே நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்வாள். ஒரு குழந்தை கற்றுக்கொள்ள வேண்டிய பாடமா அது?

தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தோம். சின்ன அறை. நாற்காலிகளின் மேலெல்லாம் கட்டுக்கட்டாகக் காகிதம். உட்கார இடம் இல்லாமல் நின்றுகொண்டே கேட்டோம். வக்கீலம்மா பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது.

"விசாரணைன்னு கூப்பிட்டிருக்காங்க. போனா திரும்பி வரமாட்டீங்க. அதனால இப்பப் போகவேண்டாம். முன்ஜாமீன் போடுவோம். கைது பண்றதுக்கு முன்னாடியே கோர்ட்டுக்குப் போய், 'என்னைக் கைது பண்ணப் பாக்கறாங்க, அப்படிப் பண்ணினா ஜாமீன்ல விடச் சொல்லுங்க'ன்னு கேக்கறது. அவ்வளவுதான்."

"என் தம்பி சொன்னதா சொல்றாங்களே மேடம்" என்றேன்.

"பிடிபட்ட ஒருத்தன் சொன்னதை மட்டும் வச்சு யாருக்கும் தண்டனை குடுக்க முடியாது. வேற ஆதாரம் வேணும். ஆனா தண்டனை வேற, கைது வேற. அந்த ஒரு வாக்குமூலத்தை வச்சு உள்ள தூக்கிப் போட்டு, 'விசாரிக்கிறோம், விசாரிக்கிறோம்'னு மாசக்கணக்கா வச்சிருக்கலாம். நாம இப்ப பயப்படவேண்டியது அதுக்குத்தான்."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "நீங்க தெச்சீங்களா?"

"இல்ல மேடம்" என்றார் இவர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. பயத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். எனக்கே அப்போது குரல் இல்லை.

வழக்கு விசாரணைக்கு வரும்வரை வீட்டில் இருக்கவேண்டாம் என்று வக்கீலம்மா சொல்லிவிட்டதால், அவர் என் ஓரகத்தி வீட்டில் பின்கட்டு அறைக்குப் போய்விட்டார். கடையைச் சாத்தினோம். நான் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போவேன், ஒரே வழியில் போகாமல் சுற்றிச் சுற்றிப் போவேன். எனக்குப் பின்னால் யாராவது ஒரே வேகத்தில் நடந்து வந்தால் ஏதாவது கடைக்குள் நுழைந்து தேவையில்லாத ஊசி நூல் வாங்குவேன். பெட்டிக் கடைக்காரன் பெண்டாட்டி ஊசி நூல் வாங்குவதைப் பார்த்து ஒரு கடைக்காரர் சிரித்தே விட்டார்.

இரண்டாவது தடவை வக்கீலம்மா என்னை மட்டும் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"இது அதிகாரிங்க இங்கிலீஷ்ல எழுதின அறிக்கை. இதுல, 'அக்காவின் கணவர் தைத்துக் கொடுத்தார்'னு இருக்கு. இது உங்க தம்பி தன் கைப்பட எழுதிக் குடுத்த வாக்குமூலத்தோட நகல். நேத்துதான் கைக்கு வந்துச்சு. நீங்களே படிங்க."

தம்பியின் கையெழுத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. சாய்ந்து சாய்ந்து விழுகிற அதே கோழிக் கிறுக்கல். தடுமாறித் தடுமாறி வாசித்தேன். 'பெட்டியை மச்சான் தைத்துக் கொடுத்தான்.'

"உங்க தம்பி உங்க வீட்டுக்காரரை எப்படிக் கூப்பிடுவான்?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"மச்சான்னுதான்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் வாயாலேயே மாட்டிவிடுகிறேனோ?

"அது சரி. வாடா போடாவா, வாங்க போங்கவா?"

"ஐயையோ! வாங்க போங்கதான் மேடம். அவரு முன்னாடி நாற்காலியிலகூட உட்கார மாட்டான். எங்க அப்பா போனப்புறம் அவனைப் படிக்க வச்சது இவருதான். ஒரு தடவை இவரு காலுக்குப் பக்கத்துல நாய் படுத்திருந்துச்சு. அதை விரட்டணும். இவரு இருக்காரேன்னு, நாயைப் பாத்து 'கொஞ்சம் நகருங்க'ன்னான். அவ்வளவு மரியாதை."

வக்கீலம்மா முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு பேனாவால் அந்தத் தாளில் ஒரே ஒரு எழுத்தைத் தொட்டார். கொடுத்தான் என்பதில் கடைசி எழுத்து.

"அப்போ இந்த 'ன்' எங்கேருந்து வந்துச்சு?"

நான் அந்த எழுத்தையே பார்த்தேன். தம்பியின் குரல் காதில் கேட்டது. மச்சான் சாப்பிட்டாரா, மச்சான் வந்துட்டாரா, மச்சான் திட்டினாரு. ஒரு நாளும், விளையாட்டுக்குக்கூட, 'மச்சான் வந்தான்' என்று அவன் வாயில் வந்ததில்லை.

"இது அவன் கூட்டாளிங்கள்ல யாரோ ஒருத்தனைச் சொல்றான் மேடம்!"

"அறிக்கையோட அவன் போன் பட்டியலும் இருக்கு. அதுல மச்சான்னு எத்தனை பேரைப் பதிஞ்சு வச்சிருக்கான் தெரியுமா? பைக் மச்சான், ஜிம் மச்சான், பஞ்சர் மச்சான்னு ஒரு பட்டாளமே இருக்கு. உங்க வீட்டுக்காரர் நம்பரை மட்டும் 'அக்கா வீடு'ன்னு வச்சிருக்கான்."

அங்கிருந்து ஓரகத்தி வீட்டுக்குப் போன வேகம் எனக்குத்தான் தெரியும். சுற்று வழியெல்லாம் மறந்துபோனது. பின்கட்டு அறையில் அவர் கட்டிலில் உட்கார்ந்து விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மலரும் என்று காத்திருந்தேன். மலரவில்லை. கேட்டதைச் சரியாகக் கேட்கவில்லையோ என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"கொடுத்தான்னா எழுதியிருக்கான்?"

"ஆமாங்க. நானே பாத்தேன்."

"அவன் என்னை அப்படிச் சொல்லமாட்டானே" என்றார், மெதுவாக.

"அதைத்தானே நானும் சொல்றேன்!" என்று குதித்தேன். இதை அப்படியே மறுநாள் வக்கீலம்மாவிடம் சொன்னேன். என் வீட்டுக்காரரே சொன்னார் மேடம், அவன் என்னை அப்படிச் சொல்லமாட்டான் என்று. எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன்!

விசாரணை நாளன்று நானும் ஓரகத்தியும் கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் வரக்கூடாது. கதவு திறக்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தேன். முன்ஜாமீன் தள்ளுபடியானால் வாசலிலிருந்தே ஆட்கள் அவரைத் தேடிக் கிளம்பிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வாசலில் நின்றவர்களில் யார் அந்த ஆட்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லோருமே அந்த ஆட்கள் மாதிரிதான் இருந்தார்கள்.

அரசு வக்கீல் எழுந்தார். பெரிய கும்பல், நாட்டின் பொருளாதாரம், ஆழமான சதி என்றார். காவலில் வைத்து விசாரித்தால்தான் உண்மை வெளிவரும் என்றார். சதி என்று அவர் சொன்ன ஒவ்வொரு முறையும் ஓரகத்தி என் கையைக் கிள்ளினாள்.

நீதிபதி எங்கள் வக்கீலம்மாவைப் பார்த்தார். "பெட்டிக்குள்ள ரகசிய அறை. மச்சான் தெச்சதா வாக்குமூலம். மனுதாரர் மச்சான். அவர் வச்சிருக்கிறது பெட்டி தைக்கிற கடை. இது தற்செயலா?"

இவ்வளவு நேராக ஒருவர் கேட்டுவிட்டால் என்ன பதில் இருக்கிறது?

வக்கீலம்மா அசரவில்லை. "ஐயா, அந்தக் கடையைப் பார்த்த பிறகுதான் அதிகாரிகள் 'மச்சான்'ங்கற சொல்லை அக்கா கணவர்னு மொழிபெயர்த்திருக்காங்க. கடை இல்லேன்னா வேற மச்சானைத் தேடியிருப்பாங்க. கைப்பட எழுதினதை ஐயா பார்க்கணும். கடைசி எழுத்தை."

நீதிபதி மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வாய்விட்டு வாசித்தார். "மச்சான் தைத்துக் கொடுத்தான்."

"பயத்துல எழுதறவன் மரியாதையெல்லாம் பாத்தா எழுதுவான்?" என்றார் அரசு வக்கீல்.

"நீங்க உங்க அக்கா கணவரை எப்படிச் சொல்வீங்க? வந்தான்னா, வந்தாருன்னா?" என்று அவரைக் கேட்டார் நீதிபதி.

அரசு வக்கீல் மென்று முழுங்கினார். "எனக்கு அக்கா இல்லைங்கய்யா. மனைவியோட அண்ணன்தான்."

"அவரை?"

"வந்தாருன்னுதான் சொல்லணும். இல்லேன்னா எனக்கு வீட்டுல சோறு கிடைக்காது."

அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்று வெட்கமாக இருக்கிறது. நீதிபதி சிரிப்பு அடங்கும்வரை பொறுத்து, ஒரு எழுத்தை வைத்து மட்டும் தான் எதையும் முடிவு செய்யவில்லை என்றார். பிடிபட்டவனின் வாக்குமூலத்தைத் தவிர மனுதாரருக்கு எதிராக வேறு எதையும் அரசுத் தரப்பு காட்டவில்லை, அந்த வாக்குமூலமும் யாரைக் குறிக்கிறது என்பதே தெளிவில்லை என்றார். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும், வாரம் ஒரு முறை அதிகாரிகள் முன் ஆஜராக வேண்டும். முன்ஜாமீன் கிடைத்துவிட்டது. நான் ஓரகத்தியின் தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதேன்.

அவர் வீட்டுக்கு வந்தார். கடையைத் திறந்தார். கீழேயிருந்து மிஷின் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் என் மகள் பென்சிலை நிறுத்தாமல் எழுதப் பழகினாள். தம்பி உள்ளே இருக்கிறானே என்கிற வேதனை இருந்தது. ஆனால் அவன் செய்ததற்கு அவன் இருக்கிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவன் பிடிபட்டதிலிருந்து அன்றைக்குத்தான் நான் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று கவனித்தேன்.

அந்த நிம்மதியை உடைத்தது மறுபடியும் படியில் கேட்ட காலடிதான். தயங்கித் தயங்கி ஏறிய காலடி. கதவைத் திறந்தால் பஞ்சரின் அம்மா. கையில் ஒரு துணிப்பை. நான் சாப்பாட்டுத் தூக்கை அணைத்துக்கொண்டு அலைந்த மாதிரியே அவர் அந்தப் பையை அணைத்துக்கொண்டு நின்றார்.

"என் பையனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்கம்மா. மச்சான் மச்சான்னு உன் தம்பிகூட சுத்தினதுக்காம். ஏர்போர்ட்டுக்கு அவன்தானே பைக்ல கொண்டுபோய் விட்டான், அதுக்காம். ஊசியும் முரட்டு நூலும் அவன் வேலை பாக்கற இடத்துல இருந்துச்சாம். டயர் கடையில இருக்காதா?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"மச்சான்னு கூப்பிடறது ஒரு குத்தமா? நீ படிச்சவ, சொல்லு."

நான் படித்தது எட்டாவது. ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். உங்கள் பையனை உள்ளே அனுப்பியது என் வாய்தான் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் குடிக்காமல் இறங்கிப் போனார். கீழே மிஷின் சத்தம் நின்றிருந்தது. அவர் போன பிறகும் வெகுநேரம் அது ஓடவில்லை.

மறுநாளே சிறைக்குப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தம்பி வந்து நின்றான். கன்னம் ஒட்டிப்போய், சட்டை தோளிலிருந்து தொங்கியது. பார்த்ததும் திட்டத்தான் வந்தது.

"பஞ்சரை உள்ள தூக்கிப் போட்டுட்டாங்கடா. நீ எழுதினதுக்கு. அவனா தெச்சான்?"

அவன் வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "பஞ்சரையா? எதுக்குக்கா? அவனுக்கு ட்யூபுக்கு ஒட்டுப் போடத்தான் தெரியும். பெட்டி தைக்கத் தெரியுமா? அவனுக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா. டூர் போறேன்னுதான் அவன்கிட்டயும் சொன்னேன்."

"அப்போ எந்த மச்சான்டா?"

அவன் தரையைப் பார்த்தான். பிறகு கேட்டான், "மச்சான் எப்படிக்கா இருக்காரு?"

"எந்த மச்சான்னு கேட்டேன்."

"அதைத்தான்க்கா நானும் கேக்கறேன். மச்சான் எப்படி இருக்காரு?"

சுற்றிலும் ஒரே கூச்சல். ஒவ்வொரு வலைக்கு முன்னாலும் யாராவது கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவன் குரல் மட்டும் கேட்டது. இருக்காரு. இருக்காரு.

"அக்கா, அவருகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு. தூங்கவே விடலக்கா. யார் தெச்சான்னு சொல்லு, சொல்லுன்னு மாத்தி மாத்தி ஆள் வந்து கேட்டாங்க. ஏதாவது எழுதினாத்தான் விடுவோம்னாங்க. உண்மையைச் சொல்ல மனசு வரல. சுத்தமா பொய் சொல்லவும் தெரியல. மச்சான்னு எழுதிட்டு, 'ன்' போட்டுட்டேன். ஊர்ல இருக்கிற எல்லாப் பயலும் எனக்கு மச்சான்தானே, எவன்னு தேடட்டும், சலிச்சுப் போய் விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். பஞ்சரைப் பிடிப்பாங்கன்னு நினைக்கல. வாழ்க்கைல ஒரு தடவைகூட மச்சானை நான் அப்படிச் சொன்னதில்லக்கா. எழுதும்போது கை நடுங்குச்சு. கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லு."

"இந்த வேலைக்கு உன்னை யார் அனுப்பினா?" என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அவன் காவலர் நிற்கிற பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பெட்டியைத் தூக்கிட்டுப் போய்க் குடுத்துட்டு வந்தா போதும், ஒரு தடவைதான்னு சொன்னாரு. அவரு சொல்லி நான் எதை மாட்டேன்னிருக்கேன்?"

மணி அடித்துவிட்டார்கள். அவனைப் பின்னால் இழுத்துப் போனார்கள். போகும்போதும், "மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுக்கா" என்றான்.

பேருந்தில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். பெட்டியைக் கிழிச்சுட்டாங்களா என்று அவர் கேட்டதும், அவன் என்னை அப்படிச் சொல்லமாட்டானே என்று திகைத்ததும் ஒன்றன் பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. அது மட்டுமா வந்தது? வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்கிற எண்ணமும் கூடவே வந்தது. உள்ளதைச் சொல்கிறேன். கையில் கோர்ட் உத்தரவு இருக்கிறது. தம்பி இனிமேலும் சொல்லமாட்டான். நானும் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் அவர் உள்ளே போவார். கடை போகும். நானும் மகளும் எங்கே போவோம்? இத்தனை நாள் யாரோ வந்து அவரைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்தேன். இப்போது அவர் வீட்டில் இருப்பார் என்பதை நினைத்துப் பயந்தேன். ஆனால் கண்ணை மூடினால் அந்தத் துணிப்பைதான் வந்து நின்றது.

கடைக்குள் நுழைந்தேன். அவர் ஒரு தோள்பைக்கு உள்துணி வைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"என்ன சொன்னான்?"

"உங்களை விசாரிச்சான்."

"வேற?"

"உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கச் சொன்னான். மரியாதை இல்லாம எழுதிட்டானாம்."

மிதியில் இருந்த கால் நின்றது. ஊசி துணிக்குள் இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. அவர் நிமிரவில்லை. நூலைப் பல்லால் கடிக்கப் போனவர் அதையும் விட்டார்.

"நான் துணியைத்தான் தெச்சேன்" என்றார். "உள்ள என்ன வைப்பாங்கன்னு கேக்கல. புது மிஷின் வாங்கப் பணம் தர்றேன்னு ஒருத்தன் சொன்னான், ஒத்துக்கிட்டேன். ஒரே ஒரு தடவைதான்."

"என் தம்பியை அனுப்பினது?"

அவர் கத்தரிக்கோலை எடுத்து மேஜை ஓரத்தில் நேராக வைத்தார்.

"பஞ்சர் உள்ள இருக்கான்" என்றேன். "அவன் அம்மா நேத்து இந்தப் படி ஏறி வந்தாங்க. உங்களுக்குக் கேட்டுது. மிஷினை நிறுத்திட்டீங்க."

"அவன் மேல ஆதாரம் ஒண்ணுமில்ல. கொஞ்ச நாள்ல விட்டுடுவாங்க. அவசரப்பட்டு நாம எதையாவது..." அவர் குரலைத் தாழ்த்தினார். "கோர்ட்டே சொல்லிடுச்சு. நம்ம பொண்ணை நினைச்சுப் பாரு. நீ வாயைத் திறக்காம இருந்தா எல்லாம் சரியாயிடும்."

கல்யாணமான நாளிலிருந்து நான் அவரிடம் குரல் உயர்த்தியிருக்கிறேன், திட்டியிருக்கிறேன், பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்திருக்கிறேன். எவ்வளவு கோபத்திலும் ஒரு சொல் மட்டும் என் வாயில் வந்ததில்லை.

"எழுந்திரு" என்றேன்.

மகளிடம் சொல்கிறேன் என்று நினைத்து அவர் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தார். படியில் யாரும் இல்லை.

"உன்னைத்தான். சட்டையைப் போடு. வக்கீலம்மாவைப் பாத்துட்டு அங்கேருந்து சுங்க ஆபீசுக்குப் போவோம். நீ தெச்சதை நீயே வந்து சொல்லு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு எழுந்து, ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தான்.